ஏக்கர், புசல், பவுண்: நாம் பேசும் அளவுச் சொற்களின் பொருளும் பிறப்பும்



"இரண்டு ஏக்கர் வயல்", "நாற்பது புசல் நெல்", "ஒரு அந்தர் யூரியா", "ஒரு இறாத்தல் பாண்", "மூன்று யார் துணி", "ஒரு டசின் கொப்பி", "ஐந்து பவுண் சங்கிலி" என்று நாம் நாள்தோறும் பேசுகிறோம். கிலோவும் லீற்றரும் ஹெக்டெயரும் சட்டப்படியான அளவுகளாகி விட்டன. ஆயினும் இந்தப் பழைய ஆங்கில அளவுகள் நம் வாயிலும், காணி உறுதிகளிலும், களத்துமேட்டிலும் இன்னும் உயிரோடு இருக்கின்றன.

இச்சொற்கள் எங்கே பிறந்தன? அவற்றின் உள்ளே என்ன பொருள் இருக்கிறது? இந்தப் பாடத்தில் இவற்றைச் சற்று விரிவாக நோக்குவோம். இது வெறும் மொழிப் பாடம் என்று எண்ணி ஒதுக்கிவிட வேண்டாம். ஊரை விட்டு இடம்பெயர்ந்த நமக்குப் பழைய தராசும் இல்லை, தெரிந்த வியாபாரியும் இல்லை, எல்லைக் கதியால் எங்கே நின்றது என்று சாட்சி சொல்ல அயலவரும் அருகில் இல்லை. முன்பின் அறியாத ஒருவர் அளக்க, நாம் பார்த்துக்கொண்டு நிற்கும் நிலை அடிக்கடி வருகிறது. அப்படியான வேளையில் அளவைக் குறிக்கும் சொல்லின் பொருள் தெரிந்திருப்பது ஒரு காவல்.

ஒன்றை முதலிலேயே மனத்திற் கொள்வோம். அளவு என்பது இரண்டு பேருக்கு இடையிலான உடன்படிக்கை. ஒருவருக்கு மாத்திரம் பொருள் தெரிந்தால் அது உடன்படிக்கை ஆகாது.

1. நிலத்தை அளந்த சொற்கள்

ஏக்கர் என்ற சொல் இங்கிலாந்தின் உழவர் தந்த சொல். பழைய ஆங்கிலத்தில் அதற்கு 'வயல்' என்பதே பொருள். இவ்வளவு நீளம், இவ்வளவு அகலம் என்ற கணக்கு அப்போது அதற்கு இருக்கவில்லை. ஜெர்மன் மொழியில் 'அக்கர்' என்றால் இன்றும் வயல்தான். இலத்தீனில் வயலைக் குறிக்கும் 'அகெர்' என்ற சொல்லும் இதற்கு உறவு. விவசாயத்தைக் குறிக்கும் 'அக்ரிகல்ச்சர்' என்ற சொல்லின் முற்பாதி அந்த 'அகெர்' என்பதிலிருந்தே வந்தது.

காலப்போக்கில், ஒரு சோடி எருது ஒரு நாளில் உழக்கூடிய நிலம் ஒரு ஏக்கர் என்றாயிற்று. நிலத்தை நாளாலும் உழைப்பாலும் அளந்தார்கள். நம்மவர் வயலை 'இத்தனை மரைக்கால் விதைப்பாடு' என்று விதைநெல்லால் அளந்ததும் இதைப் போன்றதே. அவர்கள் எருதின் உழைப்பைப் பார்த்தார்கள், நாம் விதையைப் பார்த்தோம்.

ஆங்கிலேயரின் பழைய ஏக்கர் சதுரமான காணி அல்ல. நீண்டு ஒடுங்கிய துண்டு. கனமான கலப்பையில் பல எருதுகளைப் பூட்டி உழும்போது, வரம்பில் திருப்புவதுதான் பெரும் பாடு என்பது ஏர் பிடித்தவர்களுக்குத் தெரியும். ஆகவே எருதுகள் களைக்கும்வரை நேரே உழுதுகொண்டு போய், ஒரு முறை நின்று திருப்புவார்கள். அந்த ஒரு உழவுசாலின் நீளத்துக்கு 'ஃபர்லாங்' என்று பெயர். 'உழவுசால் நீளம்' என்பதே அச்சொல்லின் நேர்ப்பொருள். பின்னர் அது 220 யார், அதாவது ஏறத்தாழ 201 மீற்றர் என்று நிலைபெற்றது. எட்டு ஃபர்லாங் ஒரு மைல்.

பேர்ச் என்ற சொல் 'தடி' என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. பறவை அமரும் கொம்பை ஆங்கிலத்தில் 'பேர்ச்' என்பதும் இதே சொல்லால்தான். நிலம் அளக்கும் தடியின் நீளம் 5½ யார், அதாவது 16½ அடி. அந்தத் தடி நீளமும் தடி அகலமும் கொண்ட சதுரம் ஒரு சதுரப் பேர்ச். காணிக் கணக்கில் நாம் 'பேர்ச்' என்று சுருக்கிச் சொல்வது இந்தச் சதுரத்தையே. அதன் பரப்பு 272¼ சதுர அடி, ஏறத்தாழ 25.3 சதுர மீற்றர்.

றூட் என்பதும் தடிதான். பழைய ஆங்கிலத்தில் மரக்கம்பத்துக்கு வழங்கிய பெயர் அது. சிலுவை மரத்தையும் அதே சொல்லால் குறித்தார்கள். காணிக் கணக்கில், ஒரு உழவுசால் நீளமும் ஒரு தடி அகலமும் கொண்ட துண்டு ஒரு றூட். அப்படி நான்கு துண்டுகளைப் பக்கம் பக்கமாக வைத்தால் ஒரு ஏக்கர்.

துணிக்கடையில் நாம் கேட்கும் 'யார்' என்ற அளவும் தடியிலிருந்தே பிறந்தது. பழைய ஆங்கிலத்தில் அதற்குக் 'கோல்' என்று பொருள். மூன்று அடி ஒரு யார். நம் மொழியிலே 'கோல்' ஒரு நீள அளவாக இருந்ததையும் இங்கு நினைத்துப் பார்க்கலாம்.

1620ஆம் ஆண்டில் எட்மண்ட் கண்டர் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் தடிக்குப் பதிலாக ஓர் இரும்புச் சங்கிலியை அமைத்துக் கொடுத்தார். அது 66 அடி நீளம். 100 கண்ணிகள் கொண்டது. ஒரு சங்கிலி அகலமும் பத்துச் சங்கிலி நீளமும் ஒரு ஏக்கர் என்பதால் கணக்கு மிக எளிதாயிற்று. ஆங்கிலேயர் ஆண்ட நாடுகளுக்கெல்லாம் இந்த முறை சென்றது. இலங்கையில் நில அளவைத் திணைக்களம் 1800ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. நம் காணிகளின் பழைய வரைபடங்களில் ஏக்கர், றூட், பேர்ச் என்று எழுதப்பட்டிருப்பது அந்த வழியாகத்தான்.

இவற்றை மனத்தில் பதித்துக்கொள்வது நன்று:

40 பேர்ச் = 1 றூட்
4 றூட் = 1 ஏக்கர்
160 பேர்ச் = 1 ஏக்கர்
10 பேர்ச் = 1 பரப்பு
16 பரப்பு = 1 ஏக்கர்
1 ஏக்கர் = 4,840 சதுர யார் = ஏறத்தாழ 0.405 ஹெக்டெயர்
1 ஹெக்டெயர் = ஏறத்தாழ 2.47 ஏக்கர்

உறுதியைப் படிப்பது எப்படி?

உறுதியிலோ வரைபடத்திலோ 'ஏக்கர் 2, றூட் 1, பேர்ச் 20' என்று மூன்று எண்கள் இருக்கும். சிலவற்றில் 2 - 1 - 20 என்று எண்கள் மட்டும் இருக்கும். இதை '2.120 ஏக்கர்' என்று தசமமாகப் படித்துவிடக் கூடாது. மூன்று எண்களும் மூன்று வேறு அளவுகள். கணக்கு இதுதான்:

2 ஏக்கர் = 320 பேர்ச்
1 றூட் = 40 பேர்ச்
மேலும் 20 பேர்ச்
மொத்தம் = 380 பேர்ச்

380 பேர்ச் என்றால் 38 பரப்பு. 160ஆல் வகுத்தால் 2.375 ஏக்கர். தசமம் என்று தவறாகப் படித்திருந்தால் 2.12 ஏக்கர் என்றாகியிருக்கும். வித்தியாசம் 0.255 ஏக்கர், ஏறத்தாழ 40 பேர்ச். ஒரு றூட் காணி, அதாவது நான்கு பரப்பு, வாசிப்பிலேயே காணாமற் போய்விடும்.

உறுதியை இழந்தவர்கள் காணிப் பதிவகத்தில் பிரதி கேட்கும்போதும், மீளக் குடியேறும்போது எல்லையை மீண்டும் அளக்கும்போதும் இந்தக் கணக்கு தேவைப்படும். உறுதி கையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், காணியின் பெயர், விஸ்தீரணம், நான்கு எல்லைகள் ஆகிய மூன்றையும் வீட்டில் உள்ள எல்லோரும், பிள்ளைகள் உட்பட, மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும். ஒரு கொப்பியில் எழுதியும் வைக்க வேண்டும்.

2. தானியத்தை அளந்த சொற்கள்

புசல் என்பது பழைய பிரெஞ்சு மொழியில் தானியம் அளக்கும் ஒரு பாத்திரத்தின் பெயர். நம் மரைக்கால், கொத்து, சுண்டு போல அதுவும் கொள்ளளவு. எட்டுக் கலன் ஒரு புசல். இன்றைய கணக்கில் ஏறத்தாழ 36.4 லீற்றர்.

கலன் என்ற சொல்லைக் கேட்டவுடன் இது நம் தமிழ்ச் சொல் என்று தோன்றும். தமிழிலும் கலன் என்றால் பாத்திரம். ஆனால் ஆங்கிலக் 'கலன்' வேறு வழியில் வந்தது. இடைக்கால இலத்தீனில் வாளியைக் குறித்த ஒரு சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் சேர்ந்தது. இரண்டும் ஒலியில் ஒத்தவை, பிறப்பில் வேறு.

ஒரே பெயருக்கு ஒரே அளவு என்று நாம் நம்பிவிடக் கூடாது என்பதற்குக் கலன் நல்ல உதாரணம். இங்கிலாந்தில் வைனுக்கு ஒரு கலன், பியருக்கு ஒரு கலன், தானியத்துக்கு ஒரு கலன் என்று மூன்று வகை வழங்கின. மூன்றும் வெவ்வேறு அளவு. 1824ஆம் ஆண்டுச் சட்டம் பத்து இறாத்தல் தண்ணீர் கொள்ளும் அளவே கலன் என்று ஒன்றாக்கியது. அதுவே 4.546 லீற்றர். அமெரிக்கர் பழைய வைன் கலனையே வைத்துக்கொண்டார்கள். ஆகவே அமெரிக்கக் கலன் இன்றும் 3.785 லீற்றர்தான்.

குவித்து அளப்பதா, வழித்து அளப்பதா?

புசலைப் பற்றி இங்கிலாந்தில் நூற்றாண்டுக் கணக்காக ஒரு சச்சரவு இருந்தது. அதைக் கேட்டால் நம் களத்துமேட்டில் நடந்தது போலவே இருக்கும். பாத்திரத்தின் வாயோடு கோலால் வழித்து அளப்பது ஒரு முறை. மேலே கும்பமாகக் குவித்து அளப்பது இன்னொரு முறை. பெயர் இரண்டுக்கும் புசல்தான். வாங்குபவர் குவித்து வாங்கி, விற்கும்போது வழித்து விற்றால், நடுவில் உள்ள கும்பம் அவருக்கு இலாபம். அந்தக் கும்பத்தை விளைவித்தவர் உழவர்.

1215ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மன்னர் ஜோன் முத்திரையிட்ட 'மக்னா கார்ட்டா' என்ற பெரும் பட்டயத்திலேயே, நாடு முழுவதற்கும் தானியத்துக்கு ஒரே அளவு இருக்க வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. அரசனின் அதிகாரத்துக்கு எல்லை கட்டிய அந்தப் பட்டயத்தில் அளவுப் பாத்திரத்துக்கும் இடம் கிடைத்தது. ஆனால் குவித்து அளக்கும் வழக்கம் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது 1835ஆம் ஆண்டில்தான். விதி எழுதப்பட்டும் அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் சென்றன. ஒரு சட்டம் இருப்பது ஒன்று, அது களத்துமேட்டுக்கு வந்து சேர்வது வேறொன்று.

புசலும் கிலோவும்

புசல் கொள்ளளவு. கிலோ நிறை. ஒரு புசல் உளுந்தும் ஒரு புசல் நெல்லும் ஒரே நிறை வராது. ஒரு புசல் அரிசி ஒரு புசல் நெல்லைவிடப் பாரமானது. இலங்கையில் ஒரு புசல் நெல்லை 46 இறாத்தல், அதாவது 20.87 கிலோ என்று கணக்கிடுகிறார்கள்.

இதிலிருந்து இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, விலை பேசும்போது 'புசலுக்கு இவ்வளவு' என்றால், அந்தப் புசல் பாத்திரத்தால் அளக்கப்படுகிறதா, தராசில் நிறுக்கப்படுகிறதா, நிறுப்பதாயின் எத்தனை கிலோவை ஒரு புசலாகக் கொள்கிறார்கள் என்பதை முதலில் கேட்க வேண்டும். 'ஒரு புசல் 21 கிலோ' என்று ஒருவர் கணக்குப் பார்த்தால், புசலுக்கு 130 கிராம் அவருக்குச் செல்கிறது. 100 புசலுக்கு 13 கிலோ.

இரண்டாவது, ஈரம். ஈரநெல் பாரம் கூடியது. ஆகவே நிறையால் வாங்குபவர் ஈரத்துக்கென்று கழிப்பார். நெல்லைப் பழுதின்றிக் களஞ்சியப்படுத்த ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேற்படாதிருக்க வேண்டும். நன்றாகக் காயவைத்த நெல்லுக்கும் ஈரக்கழிவு வெட்டினால், ஈரமானியால் அளந்து காட்டும்படி கேட்பது நம் உரிமை.

3. நிறுத்தற் சொற்கள்

பவுண்டு என்ற சொல் 'நிறையால்' என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நாம் அதை 'இறாத்தல்' என்கிறோம். இறாத்தல் ஆங்கிலச் சொல் அல்ல. 'ரத்ல்' என்ற அரபு அளவுப் பெயர், வணிகரோடு கடல் கடந்து வந்தது. ஆங்கில நிறையை அரபுப் பெயரால் அழைக்கிறோம். 16 அவுன்ஸ் ஒரு இறாத்தல். ஏறத்தாழ 454 கிராம். 'ஒரு இறாத்தல் பாண்' என்று நாம் கேட்கும் பாணின் நிறை 450 கிராம் இருக்க வேண்டும் என்று 2024இல் அரசு வர்த்தமானி மூலம் அறிவித்தது.

அவுன்ஸ், இஞ்ச் இரண்டும் ஒரு தாய் மக்கள். இலத்தீனில் 'பன்னிரண்டில் ஒன்று' என்று பொருள்படும் ஒரே சொல்லிலிருந்து இரண்டும் பிறந்தன. அடியில் பன்னிரண்டில் ஒன்று இஞ்ச். உரோமரின் பவுண்டில் பன்னிரண்டில் ஒன்று அவுன்ஸ். பின்னாளில் பவுண்டை 16 அவுன்சாகப் பிரித்தபோதும் பெயர் மட்டும் மாறவில்லை.

அந்தர் என்று நாம் வழங்குவதை ஆங்கிலத்தில் 'நூற்றெடை' என்ற பொருளில் சொல்வார்கள். ஆனால் அது 100 இறாத்தல் அல்ல, 112 இறாத்தல். இங்கிலாந்தில் 14 இறாத்தல் ஒரு 'கல்'. எட்டுக் கல் ஒரு அந்தர். 112 இறாத்தல் 50.8 கிலோ ஆகும். இன்று பசளைக் கடையில் 50 கிலோ பையையும் அந்தர் என்றே சொல்கிறோம். வேறுபாடு 800 கிராம். விலைச்சிட்டையில் கிலோ எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குவதே சரி.

தொன் என்பது முதலில் ஒரு பெரிய மரப்பீப்பாயின் பெயர். கப்பலில் எத்தனை பீப்பாய் ஏற்றலாம் என்று கணக்குப் பார்த்த வழியில் அது நிறையாயிற்று. இருபது அந்தர் ஒரு ஆங்கிலத் தொன், 2,240 இறாத்தல். இன்று வழங்கும் மெட்ரிக் தொன் 1,000 கிலோ.

4. மூன்று முக்கியமான சொற்கள்: குறோஸ், நெற், ரெயர்

விற்பனைச் சிட்டையிலும் பசளைப் பையிலும் அடகுச் சிட்டையிலும் இந்தச் சொற்களைக் காண்கிறோம்.

குறோஸ் என்றால் பிரெஞ்சு மொழியில் 'பெரிய, தடித்த' என்று பொருள். சாக்கோடு சேர்ந்த மொத்த நிறை இது.

நெற் என்றால் அதே மொழியில் 'சுத்தமான' என்று பொருள். சாக்கை நீக்கிய, பொருளின் தனி நிறை இது.

ரெயர் என்ற சொல் அரபு மொழியிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்றது. 'எறியப்படுவது' என்று பொருள். சாக்கு, பெட்டி, போத்தல் ஆகியவற்றின் நிறை இது. நம் வியாபாரிகள் 'கழிவு' என்பது இதைத்தான்.

மொத்த நிறையிலிருந்து கழிவைக் கழித்தால் தனி நிறை. கணக்கு எளிது. ஆனால் உழவர் இழப்பது பெரும்பாலும் இந்த நடுச் சொல்லில்தான். கழிவு என்பது உண்மையில் எறியப்படும் சாக்கின் நிறை. அதற்கு மேல் ஒரு கிராமும் கழிவு ஆகாது. சாக்கின் நிறையை யாரும் ஊகிக்கத் தேவையில்லை. வெறுஞ் சாக்கையே தராசில் வைத்து நிறுக்கலாம். நாற்பது மூடை நெல்லில் மூடைக்கு ஒரு கிலோ கூடுதலாகக் கழித்தால், 40 கிலோ போய்விடும். அது இரண்டு புசலுக்குச் சற்றே குறைவு. பிள்ளைகளுக்கு ஒரு மாதச் சோறு.

5. பவுணும் கரட்டும்

இடம்பெயர்ந்த குடும்பங்களில் கடைசிக் கையிருப்பு பெரும்பாலும் தாய்மாரின் நகைதான். அதை நாம் பவுண் கணக்கில் பேசுகிறோம். இந்தப் 'பவுண்' மேலே கூறிய பவுண்டு என்ற சொல்லே. முற்காலத்தில் ஒரு பவுண்டு நிறை வெள்ளியிலிருந்து 240 பென்னி நாணயங்கள் அடித்தார்கள். அதனால் நிறையின் பெயர் பணத்தின் பெயராயிற்று. 1817 முதல் இங்கிலாந்தில் ஒரு பவுண்டு பெறுமதியான தங்க நாணயம் வெளியிடப்பட்டது. அதன் நிறை 7.988 கிராம், தரம் 22 கரட். இந்த நாணயத்தின் நிறையே நம் பவுண். அதனால்தான் ஒரு பவுண் என்றால் 8 கிராம் என்று கொள்கிறோம்.

கரட் என்பது கறிக்குப் போடும் கரட் அல்ல. மத்தியதரைக் கடலோரத்தில் வளரும் ஒரு மரத்தின் சிறு விதைக்குக் கிரேக்க மொழியில் வழங்கிய பெயர், அரபு வழியாக இப்படி வந்து சேர்ந்தது. நம் பொற்கொல்லர் குன்றிமணியால் நிறுத்ததுபோல அவர்கள் அந்த விதையால் நிறுத்தார்கள். தங்கத்தின் தரத்தைச் சொல்லும்போது கரட் என்பது 24இல் ஒரு பங்கு. 22 கரட் என்றால் 24 பங்கில் 22 பங்கு தங்கம், மீதி இரண்டு பங்கு செம்பு போன்ற வேறு உலோகம்.

அடகு வைக்கும்போது சிட்டையில் மொத்த நிறை, தனி நிறை, கரட் ஆகிய மூன்றும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்த பின்பே கையொப்பம் இட வேண்டும். கல் பதித்த நகைக்குக் கல்லின் நிறை கழிக்கப்படும். அந்தக் கழிவும் எழுத்தில் இருக்க வேண்டும்.

6. எண்ணிக்கைச் சொற்கள்

டசின் என்பது 'இரண்டும் பத்தும்' என்று பொருள்படும் இலத்தீன் சொல்லின் பிரெஞ்சு வடிவம். பன்னிரண்டை இரண்டாக, மூன்றாக, நான்காக, ஆறாக மீதியின்றிப் பிரிக்கலாம். பத்தை இரண்டாகவும் ஐந்தாகவும் மட்டுமே பிரிக்கலாம். பங்கு போட வசதியானது என்பதால் சந்தையில் டசின் நிலைத்தது. பன்னிரண்டு டசினை, 'பெரிய டசின்' என்ற பொருளில், 'குறோஸ்' என்றார்கள். அது 144.

ஸ்கோர் என்ற சொல்லைக் கிரிக்கெற் பார்க்கும் நம் பிள்ளைகள் நன்கு அறிவார்கள். பழைய நோர்ஸ் மொழியில் அதற்குத் தடியில் வெட்டிய 'வெட்டு' என்று பொருள். எண்ணும்போது ஒவ்வோர் இருபதுக்கும் தடியில் ஒரு வெட்டுப் போட்டார்கள். அதனால் ஸ்கோர் என்றால் இருபது என்றும் ஆயிற்று.

இந்த வெட்டுத் தடியால் இங்கிலாந்தின் அரச கருவூலமே பல நூற்றாண்டுகள் கணக்கு வைத்திருந்தது. தொகையைத் தடியின் குறுக்கே வெட்டுகளாகப் பதித்து, பின்பு தடியை நீளவாட்டில் இரண்டாகப் பிளப்பார்கள். பெரிய பாதி பணம் கொடுத்தவரிடம். சிறிய பாதி வாங்கியவரிடம். கணக்குத் தீர்க்கும் நாளில் இரண்டையும் பொருத்திப் பார்ப்பார்கள். ஒருவர் தம் பாதியில் ஒரு வெட்டைக் கூட்டினாலும் மற்றப் பாதியோடு பொருந்தாது. எழுத்தறியாத உழவரும் ஏமாறாமல் இருக்க இது உதவியது.

1826இல் இந்த முறை கைவிடப்பட்டது. மிஞ்சிய பழைய தடிகளை 1834 ஒக்டோபர் 16ஆம் திகதி இலண்டன் பாராளுமன்றக் கட்டடத்தின் அடுப்புகளில் போட்டு எரித்தபோது, நெருப்பு மீறி, பாராளுமன்றமே எரிந்து போயிற்று.

தடி போய்விட்டது. ஆனால் அதன் பாடம் நிற்கிறது. கணக்கின் ஒரு பாதி எப்போதும் நம் கையில் இருக்க வேண்டும். இன்று அந்தப் பாதிக்குப் பெயர் சிட்டை.

7. பங்கீட்டுச் சொற்கள்

கடைசியாக, வரிசையில் நின்று நாம் கேட்டுப் பழகிய சில சொற்கள்.

கூப்பன் என்றால் பிரெஞ்சு மொழியில் 'வெட்டி எடுத்த துண்டு'. இலங்கையில் 1942இல், உலகப் போர்க் காலத்தில், அரிசிப் பங்கீடு தொடங்கியது. பங்கீட்டுப் புத்தகத்தோடு கூப்பன் என்ற சொல்லும் நம் வீடுகளுக்குள் வந்தது. 1979இல் உணவு முத்திரை அதன் இடத்தைப் பிடித்த பின்னும் 'கூப்பன் கடை' என்ற பெயர் நெடுநாள் வழங்கிற்று.

ரேஷன் என்ற சொல் 'கணக்கு' என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. 'நியாயம்' என்ற பொருளும் அந்த மூலச் சொல்லுக்கு உண்டு. கோட்டா என்ற சொல்லோ ஒரு கேள்வியாகப் பிறந்தது. 'எத்தனையாவது பங்கு?' என்று இலத்தீனில் கேட்ட கேள்வியே அது.

இதை நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். நிவாரணம் பெறுபவர் கணக்குக் கேட்கக் கூடாது, கொடுத்ததை வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்ற எண்ணம் நம்மிடமும் உண்டு, கொடுப்பவரிடமும் உண்டு. ஆனால் ரேஷன் என்றாலே கணக்கு. கோட்டா என்றாலே கேள்வி. ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு, ஓர் ஆளுக்கு எவ்வளவு, எத்தனை நாளுக்கு என்று பணிவாகக் கேட்பதும், அந்த அளவுகளைப் பலகையில் எழுதி எல்லோரும் காண வைக்கும்படி கோருவதும் நன்றி மறந்த செயல் ஆகாது.

8. நாம் என்ன செய்யலாம்?

தராசுகளும் படிகளும் உரிய காலத்தில் சரிபார்க்கப்பட்டு முத்திரை இடப்பட வேண்டும். 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின்படி, அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களம் இதற்குப் பொறுப்பு. நிறுக்கும் முன் முத்திரையைப் பார்ப்போம். தராசு பூச்சியத்தில் நிற்கிறதா என்று பார்ப்போம். வெறுஞ் சாக்கை நிறுப்போம். சிட்டை வாங்குவோம். ஒருவர் தனியே கேட்டால் முகம் சுளிப்பார்கள். பத்துக் குடும்பங்கள் சேர்ந்து கேட்டால் தராசின் பக்கம் நம்மைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள்.

குழுவாகச் செய்து பார்க்க

அ. ஓர் உறுதியில் 'ஏக்கர் 0, றூட் 3, பேர்ச் 10' என்று இருக்கிறது. எத்தனை பேர்ச்? எத்தனை பரப்பு?

ஆ. ஏக்கருக்கு 80 புசல் நெல் விளைந்தது. ஏக்கருக்கு எத்தனை கிலோ?

இ. 25 மூடையின் மொத்த நிறை 1,600 கிலோ. வெறுஞ் சாக்கு ஒன்று 200 கிராம். தனி நிறை என்ன? வியாபாரி மூடைக்கு ஒரு கிலோ கழித்தால் நாம் இழப்பது எவ்வளவு?

ஈ. 22 கரட் தங்கத்தில் 3 பவுண் காப்பு. எத்தனை கிராம்? அதில் சுத்தத் தங்கம் எவ்வளவு?

உ. உங்கள் ஊரில் வழங்கிய பழைய அளவுப் பெயர்களை முதியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். அவை பாத்திரத்தால் வந்தனவா, உடலால் வந்தனவா, விதையால் வந்தனவா, உழைப்பால் வந்தனவா என்று பிரித்துப் பாருங்கள்.

விடைகள்: அ. 130 பேர்ச், 13 பரப்பு. ஆ. ஏறத்தாழ 1,670 கிலோ. இ. தனி நிறை 1,595 கிலோ, இழப்பு 20 கிலோ. ஈ. 24 கிராம், சுத்தத் தங்கம் 22 கிராம்.

ஐந்தாவது வினாவுக்கு விடை இங்கே இல்லை. அது உங்கள் ஊர் முதியவர்களிடம் இருக்கிறது. அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்வோம்.